கைத்தறிக் கடையின் போஸ்ட் வேலைகளை ட்ரெல்லோ போர்டில் அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் சேலை விற்கும் சிறிய கைத்தறிக் கடைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான்கு பேர் சேர்ந்து நடத்தும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதலாளி அக்கா, சேலையைப் படம் எடுக்கும் தம்பி, கேப்ஷன் எழுதி வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஒருவர், வெளியிலிருந்து வேலை செய்யும் டிசைனர். இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு ஏழெட்டு போஸ்ட் போகிறது. எந்த வேலை யாரிடம் நிற்கிறது என்று கேட்டால் மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ட்ரெல்லோ என்பது ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக எழுதி, லிஸ்டுகளில் அடுக்கி, ஒரு லிஸ்டிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் ஆப்; அந்த லிஸ்டுகள் வரிசையாக நிற்கும் திரைதான் போர்டு. இப்படிச் சில கடைகளுக்குப் போர்டு அமைத்துக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறேன். ட்ரெல்லோவை இயக்க அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். தடுமாறுவதெல்லாம் வரிசையில்தான். முதல் நாளே ஆப்பைத் திறந்து, கலர் கலராக லேபிள் போட்டு, ஐம்பது கார்டு எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் போர்டைத் திறக்க ஆளில்லை. அதனால் கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. ஆப்பைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், போன மாதம் போட்ட போஸ்ட்களின் பட்டியல். எந்தத் தேதி, எங்கே, எந்தச் சேலை, யார் யார் கை வைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலைக்கும் உண்மையில் செய்த வேலைக்கும் உள்ள தூரம் இதில் தெரிந்துவிடும். "தினமும் போடுகிறோம்" என்று சொன்ன கடையின் நோட்டில் பதினொரு போஸ்ட்தான் இருந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு அடையாள எண், அதாவது கோடு (code) எண். "அந்த மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்று பேசிப் பழகிய கடையில் இது தேவையில்லாத வேலையாகத் தோன்றும். அதே மஞ்சளில் மூன்று சேலை வந்த அன்று யார் எதைச் சொல்கிறார்கள் என்றே புரியாது. எண்ணை ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சேலையோடு கட்டிவிடுங்கள். படம் எடுக்கும்போது முதல் படம் அந்த அட்டையைத்தான்.

மூன்றாவது, படங்களுக்கு ஒரே இடம். கூகுள் டிரைவில் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கோடு எண் வாரியாக. தம்பியின் போனில் பாதி, வாட்ஸ்அப் குரூப்பில் பாதி என்று இருந்தால் போர்டு எதையும் காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அமுங்கித் தரம் குறைந்துதான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நாட்காட்டி. அடுத்த ஆறு மாதத்துப் பண்டிகைகளையும் முகூர்த்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படியில் இது வேண்டும்.

2. வேலை போகும் பாதையைத் தாளில் வரையுங்கள்

போன மாதத்துப் போஸ்ட்களில் ஒன்றை எடுங்கள். அது யோசனையாக வந்ததிலிருந்து வெளியான நிமிடம் வரை நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிய இடமெல்லாம் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பதுதான் பிறகு போர்டில் ஒரு லிஸ்ட் ஆகப்போகிறது.

இதைத் திரையில் செய்யாமல் தாளில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பைத் திறந்தால் அது காட்டும் மாதிரி லிஸ்டுகளையே எடுத்துக்கொள்வோம். "செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது" என்ற மூன்றும் சேலைக் கடைக்குப் போதாது. நடு லிஸ்டில் பன்னிரண்டு கார்டு குவிந்துவிடும். அதில் எது ஷூட்டிங்குக்குக் காத்திருக்கிறது, எது அக்காவின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று பிரித்தே பார்க்க முடியாது.

வரையும்போது காத்திருக்கும் நேரத்தையும் எழுதுங்கள். எழுத ஒரு மணி நேரம், டிசைனுக்கு இரண்டு மணி நேரம், அக்கா "சரி, போடு" என்று சொல்ல நான்கு நாள் என்று வரும். காத்திருப்பும் ஒரு கட்டம்தான். அதற்கும் ஒரு லிஸ்ட் வேண்டும். நான் பார்த்த கடைகளில் வேலை அதிகம் தேங்கியது அங்கேதான். போர்டு வரும் வரை அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

3. போர்டும் லிஸ்டுகளும்

கருவி எது என்பது பற்றி ஒரு வார்த்தை. மிரோ போன்ற பரந்த வெள்ளைப் பலகை, ஒரு தொகுப்புக்கு நிறமும் தோற்றமும் முடிவு செய்ய நல்லது. படங்களைச் சிதறிப் போட்டு இங்கும் அங்கும் நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் தினசரி வேலை ஓட, லிஸ்டும் கார்டுமாக இருக்கும் ட்ரெல்லோ போதும். இலவசத் திட்டத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு, அதாவது ஒரு குழுவின் போர்டுகள் எல்லாம் இருக்கும் இடத்துக்கு, பத்து போர்டு வரை கிடைக்கும். சின்னக் கடைக்கு ஒரே ஒரு போர்டுதான் வேண்டும்.

போர்டைப் பிரைவேட்டாக வையுங்கள். பப்ளிக் என்று வைத்தால் அது தேடுபொறியிலும் அகப்படும். தள்ளுபடி விலை, வாடிக்கையாளர் பெயர் எல்லாம் கார்டில் எழுதுவீர்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கார்டில் எழுதும் பழக்கத்தைப் பிரைவேட் போர்டிலும் தொடங்க வேண்டாம். டிசைனர் மாறிக்கொண்டே இருப்பார்.

பெரும்பாலான கடைகளுக்கு இந்த ஏழு லிஸ்டுகள் பொருந்தும்: யோசனை, இந்த மாதம், ஷூட்டிங், எழுத்தும் டிசைனும், அக்கா பார்க்க, தேதி குறித்தது, போட்டாச்சு. உங்கள் தாளில் வேறு மாதிரி வந்திருந்தால் தாளைத்தான் நம்புங்கள்.

"யோசனை"யையும் "இந்த மாத"த்தையும் பிரித்திருப்பது வேண்டுமென்றேதான். யோசனை லிஸ்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அங்கே நாற்பது இருந்தாலும் கவலையில்லை. "இந்த மாத"த்துக்கு வருவது அக்கா கையால்தான். இந்த வாசல் இல்லாவிட்டால் தோன்றியதெல்லாம் ஷூட்டிங் வரை போய், தம்பி எடுத்த படத்தில் பாதி வெளியே வராது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, இன்ஸ்டா, யூடியூப், வாட்ஸ்அப் என்று தளத்துக்கு ஒரு லிஸ்ட் போடுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கார்டு அங்கே நகராது; போட்ட இடத்திலேயே கிடக்கும். இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்துத்தான் வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்.

4. ஒரு கார்டுக்கு ஒரு போஸ்ட். எல்லாக் கார்டுக்கும் ஒரே அச்சு

"தீபாவளி போஸ்ட்கள்" என்று ஒரு கார்டு எழுதினால் அது எப்போதும் முக்கால்வாசி முடிந்த நிலையிலேயே இருக்கும். எட்டு போஸ்ட் என்றால் எட்டு கார்டு.

ஒரே வீடியோ ரீலாகவும் யூடியூப் ஷார்ட்ஸாகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் போகிறதே, அது ஒரு கார்டா மூன்றா என்று எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள். வெட்டாமல் அப்படியே போகிறது என்றால் ஒரு கார்டு, உள்ளே செக்லிஸ்டில் மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் தனியாக எடிட் செய்கிறீர்கள் என்றால் மூன்று கார்டு. வேலை எத்தனை முறை நடக்கிறதோ அத்தனை கார்டு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கார்டின் தலைப்பில் முதலில் கோடு எண், அப்புறம் சேலை, அப்புறம் வடிவம்: "கே-112, செட்டிநாடு காட்டன், ரீல்". எண் முதலில் வந்தால் வாடிக்கையாளர் போனில் கேட்கும்போதே தேடி எடுத்துவிடலாம்.

ஒரு மாதிரிக் கார்டை எழுதி, அதை டெம்ப்ளேட்டாகக் குறித்துவிடுங்கள். புதுக் கார்டு ஒவ்வொன்றையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். விவரப் பகுதியில் இவ்வளவு போதும்: இந்தப் போஸ்ட் எதற்கு, யாருக்கு, சேலை விலை, நூலும் நெசவும், டிரைவ் லிங்க். அதற்குக் கீழே செக்லிஸ்ட். என் டெம்ப்ளேட்டில் உள்ளது இது:

- படம்: முழுச் சேலை, முந்தானை, பார்டர் கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் நிறம்
- அளவு: ஃபீடுக்கு 1080 × 1350, ரீலுக்கு 1080 × 1920
- கேப்ஷனில் விலை, ரவிக்கைத் துணி உண்டா, துவைக்கும் முறை
- பாட்டு: கடைக் கணக்கில் பயன்படுத்த உரிமை உள்ளதா
- வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புவது)
- ஸ்டாக் கேட்டாச்சா

பாட்டு வரியை நீக்கிவிடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டுகள் குறைவு. தம்பி தன் சொந்தக் கணக்கில் பிடித்த பாட்டை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைக் கணக்கில் ஏற்றும்போது அது கிடைக்காமல் முழு ரீலையும் திரும்ப வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். பிராட்காஸ்ட் வரியும் அப்படித்தான். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைப் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம்" என்று கார்டை நகர்த்திவிடுகிறார்கள்.

5. படம் கார்டின் முகத்தில் தெரிய வேண்டும்

படத்தைக் கார்டில் இணைத்துக் கவராக வையுங்கள். போர்டைத் திறந்ததும் எழுத்துக்கு முன்னால் சேலை தெரிய வேண்டும். சேலைக்காரர்களுக்குக் கண்தான் வேகமாகப் படிக்கும். அக்காவுக்குத் தலைப்புகளைப் படிக்க நேரமிருக்காது, ஆனால் "இந்த வாரம் நாலும் சிவப்பா போகுதே" என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கண்ணால் பார்த்து அடுக்குவதன் முழுப் பயனும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இலவசத் திட்டத்தில் ஒரு ஃபைல் 10 எம்பிக்கு மேல் ஏறாது. அதனால் மூலப் படமும் வீடியோவும் டிரைவிலேயே இருக்கட்டும். கார்டில் ஒரு சின்னப் படமும் டிரைவ் லிங்க்கும் போதும். வீடியோவுக்கு அதன் முகப்புப் படத்தைக் கவராக வையுங்கள்.

"தேதி குறித்தது" லிஸ்டில் கவர்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள். அடுத்த ஒன்பது போஸ்ட்டும் உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் எப்படி அமரும் என்று இங்கேயே தெரியும். 2025 ஜனவரியிலிருந்து இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படங்கள் சதுரமாக இல்லாமல் நிமிர்ந்த செவ்வகமாகத் தெரிகின்றன. சேலை நீளவாக்கில் விழும் துணி என்பதால் இது நமக்கு வசதி. பழைய சதுர டெம்ப்ளேட்டிலேயே டிசைனர் வேலை செய்துகொண்டிருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

6. லேபிள்: ஒரு கேள்விக்கு மட்டும் பதில்

சிவப்பு என்றால் அவசரம், நீலம் என்றால் யூடியூப், பச்சை என்றால் காட்டன் என்று கலந்து வைத்தால் பத்து நாளில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. லேபிள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "இந்தப் போஸ்ட் எதற்கு?" என்ற கேள்வியை நான் வைக்கிறேன்: விற்பனை, நெசவுக் கதை, பராமரிப்பு, வாடிக்கையாளர் படம், பண்டிகை. ஐந்துக்கு மேல் வேண்டாம்.

அவசரத்தைத் தேதி சொல்லும், யார் வேலை என்பதைக் கார்டில் மெம்பராகச் சேர்த்த ஆளின் சின்னப் படம் சொல்லும், எந்தக் கட்டம் என்பதை லிஸ்ட் சொல்லும். ஏற்கெனவே போர்டு சொல்வதை லேபிளில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. லேபிளுக்கு நிறத்தோடு பெயரும் எழுதுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் உங்கள் குழுவில் இருக்கலாம்.

மாதக் கடைசியில் போர்டைத் தள்ளி நின்று பாருங்கள். "விற்பனை" நிறமே வரிசையாக நின்றால், வாடிக்கையாளருக்கும் அந்த மாதம் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

7. தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

கார்டின் தேதி என்றால் போஸ்ட் வெளியாகும் நாள். இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். டிசைனர் அதைத் தன் வேலை முடிக்கும் நாள் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போகும். செக்லிஸ்ட் வரிக்குத் தனித்தனியாகத் தேதி வைப்பது கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. அதனால் வரியின் கடைசியிலேயே "செப் 20" என்று எழுதிவிடுங்கள்.

பண்டிகைக்குத் தேதி போடுவதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. உடனே நவம்பர் முதல் வாரத்தில் எட்டு போஸ்ட் அடுக்குவார்கள். அப்போது சேலை வாங்கி யார் கட்டுவார்? சேலை கூரியரில் போக வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் தையல்காரர்கள் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே சேலை வாடிக்கையாளர் கைக்கு அக்டோபர் 18 வாக்கில் போய்ச் சேர வேண்டும். அப்படியென்றால் முக்கிய விற்பனை போஸ்ட்கள் அக்டோபர் முதல் பத்து நாளுக்குள். ஷூட்டிங் செப்டம்பர் மூன்றாவது வாரம். சேலை கடைக்கு வந்து சேர்வது செப்டம்பர் தொடக்கம். தறியில் இருக்கும் சேலைக்கு நெசவாளரிடம் பேசுவது அதற்கும் முன்னால். கடைசி வாரத்தில் போட வேண்டியது வாழ்த்தும், தைக்கத் தேவையில்லாத துண்டு, வேட்டி போன்றவையும்.

இன்னொன்று, போர்டில் அடுக்கினால்தான் கண்ணில் படுவது. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அது ஆடி மாதத்துக்குள் விழுகிறது. ஒரு பக்கம் "நெசவாளர் உழைப்புக்கு மதிப்பு" என்று கார்டு, பக்கத்திலேயே அதே வாரத்தில் ஆடித் தள்ளுபடிக் கார்டு. தனித்தனி நோட்டில் இருந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. போர்டில் அடுத்தடுத்து நின்றதும் அக்கா தள்ளுபடியை ஆடி முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

காலண்டர் வியூ கட்டணத் திட்டத்தில்தான் வருகிறது. தொடக்கத்தில் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். லிஸ்டைத் தேதி வாரியாக அடுக்கும் வசதி இலவசத்திலேயே இருக்கிறது. தேதி நெருங்கினால் மஞ்சளாகவும் கடந்தால் சிவப்பாகவும் கார்டே காட்டிவிடும்.

8. போடுவதற்கு முன் ஸ்டாக் கேட்கும் வாசல்

கைத்தறிக் கடைக்கென்றே உள்ள சிக்கல் இது. ஒரு டிசைனில் பெரும்பாலும் ஒரே ஒரு சேலைதான் இருக்கும். கார்டு ஷூட்டிங்கில் தொடங்கி வெளியாகப் பத்து நாள் ஆகிறது. அதற்குள் கடைக்கு நேரில் வந்த யாரோ அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் உதவிய ஒரு கடையில், விற்றுப்போன சேலையை ரீலாகப் போட்டு, அதுவும் நன்றாக ஓடி, இரண்டு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டியதாயிற்று. சிலர் ஏமாற்று வேலை என்றே எழுதினார்கள். எழுதிய பெண் அன்று அழுதுவிட்டாள். அவள் மேல் தவறே இல்லை, கேட்க வேண்டிய கட்டம் போர்டில் இல்லை.

அதிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். ஒன்று, ஷூட்டிங் லிஸ்டுக்குக் கார்டு வந்ததும் அந்தச் சேலையைத் தனி அலமாரியில் எடுத்து வைப்பது. இரண்டு, "தேதி குறித்தது" லிஸ்டுக்குப் போகும் முன்னும், போடும் நாள் காலையிலும் ஸ்டாக் பார்த்துச் செக்லிஸ்டில் டிக் அடிப்பது. சேலை போய்விட்டது என்றால் கார்டைத் தூக்கி எறிய வேண்டாம். லேபிளை "நெசவுக் கதை"க்கு மாற்றி, விலையை எடுத்துவிட்டு, "இதே போல் நெய்து தர முடியும்" என்று போடலாம், நெசவாளரிடம் கேட்டுக்கொண்டு.

9. கார்டை யார் நகர்த்துவது

வேலையை முடித்தவர்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தியதும் அடுத்தவரை மெம்பராகச் சேர்த்து, @ போட்டுக் கமென்ட்டில் ஒரு வரி எழுத வேண்டும். "முடிச்சுட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுக் கார்டை அப்படியே விட்டால், போர்டு பொய் சொல்லத் தொடங்கும். ஒரு தடவை பொய் சொன்ன போர்டைப் பிறகு யாரும் திறப்பதில்லை.

அக்கா வாட்ஸ்அப்பில்தான் பதில் சொல்வார், அதை மாற்ற முடியாது. மாற்றவும் முயல வேண்டாம். கேப்ஷன் எழுதுபவர் அந்தப் பதிலை அப்படியே கார்டின் கமென்ட்டில் ஒட்டிவிடட்டும். விலை மாற்றம் யார் சொன்னது என்ற பேச்சு பிறகு வராது.

"அக்கா பார்க்க" லிஸ்டின் பெயரிலேயே "அதிகபட்சம் 3" என்று எழுதுங்கள். மூன்று கார்டு நின்றால் நான்காவதை அங்கே தள்ளக் கூடாது. முதலில் அக்காவிடம் போய் மூன்றையும் பேசி முடிக்க வேண்டும். முதல் வாரம் இது எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும். ஆனால் தேக்கத்தை உடைப்பதில் இதைவிடப் பயன் தந்த விதி எனக்குக் கிடைக்கவில்லை.

10. திங்கட்கிழமை இருபது நிமிடம்

கடை திறந்து கூட்டம் வரும் முன், எல்லோரும் ஒரே திரையைப் பாருங்கள். வலது கோடியிலிருந்து இடது பக்கமாக வாருங்கள். இடமிருந்து தொடங்கினால் புது யோசனைகளைப் பேசியே நேரம் போய்விடும். வலமிருந்து வந்தால் வெளியாகத் தயாராக நிற்பது முதலில் கண்ணில் படும், அதை முடித்து அனுப்பிவிட்டு அடுத்ததற்கு வரலாம்.

ஒரு வாரமாக நகராத கார்டைப் பார்த்து ஒரே கேள்வி: யாருக்காகக் காத்திருக்கிறது? பதில் ஒரு ஆளின் பெயராக இருக்க வேண்டும். பெயர் வரவில்லை என்றால் அந்தக் கார்டு யோசனை லிஸ்டுக்குத் திரும்பிப் போகட்டும்.

11. போட்ட பிறகு

"போட்டாச்சு"வுக்கு வந்த கார்டில், ஏழு நாள் கழித்து மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், விற்றதா. லைக் எண்ணிக்கையை நான் எழுதச் சொல்வதில்லை. சேலையை விரும்பிப் பார்ப்பவர் ஆயிரம் பேர். விலை கேட்டவர்தான் வாங்க வருபவர்.

மாதம் முடிந்ததும் இந்த லிஸ்டில் உள்ளதை ஆர்கைவ் செய்யுங்கள், டெலீட் வேண்டாம். டெலீட் செய்த கார்டு திரும்பி வராது. ஆர்கைவ் செய்ததைத் தேடி எடுக்கலாம். அடுத்த ஆடிக்கு உட்காரும்போது போன ஆடியின் கார்டுகள் விலையோடும் எண்களோடும் கைக்கு வரும்.

ட்ரெல்லோவே தானாகச் செய்யும் வேலைகளை (ஆட்டோமேஷன்) முதல் மாதம் தொடவே வேண்டாம். கையால் நகர்த்திப் பழகிய பிறகு, "போட்டாச்சு"வுக்குப் போனதும் தேதி முடிந்ததாகக் குறிப்பது போன்ற ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 250 முறை வரை இயங்கும், அது உங்களுக்குத் தாராளம்.